பிரிக்கவில்லை என்று அம்மா சொன்ன கவர்

ஸ்ரீராம்புரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவும் நானும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறோம், உன் தொடைக் காயம் ஆறி நீயும் கால் ஊன்றி நடக்கிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். தபால்காரர் உன் கவரை நீட்டியபோது நான் முதலில் பார்த்தது அதன் மடிப்பைத்தான். நீ அனுப்பும் கவர் எப்போதும் தட்டையாக வரும். இது நான்காக மடிக்கப்பட்டு, மடிப்பெல்லாம் வியர்வை ஏறிக் கருத்திருந்தது. யாரோ பல நாள் சட்டைப் பையில் வைத்துச் சுமந்த கவர். அதைப் பார்த்தும் நான் ஒன்றும் யோசிக்கவில்லை. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அம்மா கோழிக்கடையிலிருந்து அப்போதுதான் வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள், "கவி எழுதினதுதானே, படிடி சீக்கிரம்" என்றாள். நானும் எப்போதும் போலப் பிரித்து முதல் வரியைச் சத்தமாகப் படித்துவிட்டேன். "அம்மா, இந்தக் கடிதம் உன் கைக்கு வந்தால் நான் உயிரோடு இல்லை." வாய் படித்து முடித்த பிறகுதான் எனக்கே அது புரிந்தது. அம்மா ஈரக் கையால் என்னை அறைந்தாள். "என்னத்தடி படிக்கிற, ஒழுங்கா படி" என்று இன்னொரு அறை, உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. மறுபடியும் நான் படிக்கவில்லை, தாளை அவள் முன்னால் வைத்தேன். அவள் அதைத் தொடாமல் சுவரில் தலையை முட்டினாள், காலண்டர் மாட்டியிருந்த ஆணி நெற்றியில் இறங்கிவிட்டது. ஏழு தையல்.

இதையெல்லாம் உனக்கு எழுதக் கூடாது என்பது அம்மா கட்டளை. இப்போது எதிரே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருக்கிறாள், பேனா நகர்வதைப் பார்த்து அவள் சொல்வதைத்தான் எழுதுகிறேன் என்று நம்புகிறாள். நடுநடுவே "எழுதிட்டியா" என்கிறாள், நான் தலையாட்டுகிறேன். வெள்ளிக்கிழமை நீ போனில் "கவர் வந்துச்சா, பிரிச்சீங்களா" என்று கேட்டபோது "வந்துச்சுடா, இன்னும் பிரிக்கல" என்றாளே, அது பொய். "பிரிக்காம அடுப்புல போட்டுடும்மா" என்று நீ சொன்னதற்குச் "சரிடா ராஜா" என்றதும் பொய். கவர் என்னிடம்தான் இருக்கிறது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாததை வைத்துக்கொண்டு அவள் கண்ணெதிரே இப்படிச் செய்கிறேன். தப்புதான். ஆனால் நீ பொய்யை நம்பிக்கொண்டு அங்கே இருக்கக் கூடாது.

செவ்வாய் சாயங்காலமே வாசலில் பந்தல் போட்டுவிட்டார்கள். உன் போன் ஸ்விட்ச் ஆஃப், நீ கொடுத்திருந்த இன்னொரு நம்பரை யாரும் எடுக்கவில்லை. அப்பா படத்துக்குப் பக்கத்தில் உன் மெரூன் தொப்பிப் படத்தை வைத்து மாலை போட்டோம். பக்கத்து வீட்டு லட்சுமம்மா தெருக் கூட்டும் வேலையிலிருந்து பச்சைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து, "அய்யோ நன்ன மகனே, நன்ன மகனே" என்று கன்னடத்தில் அரற்றி, தன் பிள்ளை செத்தது மாதிரி மார்பில் அடித்துக்கொண்டார்கள். அவர்கள் மகன் கண்ணா அண்ணாதான் இருக்கிற ஒரே கையால் நாற்காலிகளை நாலு நாலாகத் தூக்கி வந்து போட்டார். பிறகு பழைய பட்டாளச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, வலது பக்கச் சட்டைக் கை காலியாகத் தொங்க, உன் படத்துக்கு முன்னால் விறைப்பாக நின்று "போலோ சத்ரி மாதா கீ" என்று கத்தினார். பாராசூட் குடையை மாதாவாக்கிக் கும்பிடுவது உங்களைப் போல விமானத்திலிருந்து குதிக்கிறவர்களுக்குத்தான் தெரியும், நம் தெருவில் யாருக்குத் தெரியும். அவர் காத்திருந்து பார்த்துவிட்டு, பதில் வராததால் "ஜெய்" என்று தானே சொல்லிக்கொண்டார். வந்தவர்களிடம் எல்லாம், "ஸ்டிக்ல, குதிக்கிற வரிசையில, என் பின்னாடி நின்னவன் மச்சா அவன். என் முதுகு பார்த்தவன். என் கை போனது என் தப்பு, அவன் மேல ஒரு சொட்டு இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் நான் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உன் கடிதத்தை முழுவதும் படித்துவிட்டிருந்தேன். மூன்று நாள் அது என் ஒருத்தியிடம் இருந்தது. கண்ணா அண்ணா எனக்குக் காபி கொண்டுவந்து "குடி பாப்பா, அழுதா அவனுக்குப் பிடிக்காது" என்றபோது கப்பைக் கீழே போட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் அந்தப் போன் வந்தது. முதலில் ஒருவர் ஹிந்தியில் பேசினார், அம்மா "சாவு சேதி சொல்றானா" என்று என் கையைக் கிள்ளினாள். அப்புறம் ஒரு தமிழ் ஹவில்தார் பேசினார். "அம்மா, கவியரசன் உயிரோட இருக்கான்மா, தொடையில குண்டுச் சில்லு, அவ்வளவுதான்" என்றார். மலை மேல் இருந்த எதிரி பங்கரைப் பிடிக்கப் போவதற்கு முன்னால் நீங்கள் எட்டுப் பேர் ஆளுக்கொரு கடைசிக் கடிதம் எழுதி, ஸ்டாம்பும் ஒட்டி, மருந்துப் பை தூக்கிவரும் நண்பரிடம் கொடுத்து வைத்தீர்களாம், செத்தவனுடையதை மட்டும் தபாலில் போடுவது உங்கள் வழக்கமாம். அந்த நண்பருக்கே குண்டுபட்டு ஒரு கால் முழங்காலோடு போய், நினைவில்லாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்களாம். அங்கே யாரோ நல்ல மனசுள்ளவர் சட்டையைக் கத்தரிக்கும்போது பையில் ஸ்டாம்பு ஒட்டிய கவர்களைப் பார்த்து, பாவம் வீட்டுக்குக் கடிதம் என்று எட்டையும் தபாலில் சேர்த்துவிட்டார். எட்டு வீட்டில் எழவு. "ரெண்டு வீட்டுக்கு மட்டும் அது பொய் இல்லம்மா" என்றார் அந்த ஹவில்தார். அதற்குப் பிறகுதான் போனை உன்னிடம் கொடுத்தார்.

நீ பேசி முடித்ததும் அம்மா பந்தலைத் தானே பிடுங்கிப் போட்டாள். மாலையைக் காலால் மிதித்தாள். உன் படத்தைத் துடைத்துப் பழைய இடத்தில் மாட்டினாள். தையல் போட்ட நெற்றியோடு மறுபடியும் கடைக்குப் போய், சாயங்காலம் வரைக்கும் கோழி அறுத்தாள். திரும்பி வந்து, ரத்தம் தெறித்த புடவையோடு உட்கார்ந்து, "இப்ப படி, மிச்சத்தை" என்றாள். படித்தேன்.

நீ எழுதியதையே உனக்குத் திருப்பி எழுதுகிறேன், நாங்கள் எதைப் படித்தோம் என்று உனக்குத் தெரிய வேண்டும். நாலாவது குதிப்பு. விமானத்துக்குள் அடுப்பு மாதிரி சூடு, பக்கத்தில் இருந்தவன் ஹெல்மெட்டுக்குள் வாந்தி எடுத்தான், அந்த நாற்றத்தில் உனக்கும் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. எழுந்து வரிசையில் நின்று கொக்கியைக் கம்பியில் மாட்டச் சொன்னார்கள். முதுகுப் பையிலிருந்து கம்பிக்குப் போகும் நாடா தோளுக்கு மேலே போக வேண்டும், அக்குளுக்குக் கீழே போனால் குதிக்கிற வேகத்தில் அதுவே கையை அறுத்துவிடும். அது குதிக்கிறவன் கண்ணுக்குத் தெரியாது, பின்னால் நிற்பவன்தான் பார்த்து, தோளில் தட்டி ஓகே சொல்ல வேண்டும். 'முதுகு உன்னுது இல்ல, பின்னாடிக்காரனுது' என்று உங்கள் வாத்தியார்கள் தினமும் கத்துவார்கள் என்று முன்பே எழுதியிருந்தாய். நீ வாந்தியை விழுங்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, பார்க்காமலே தட்டினாய். பச்சை விளக்கு எரிந்தது. கண்ணா அண்ணா கதவைத் தாண்டியதும் நாடா இழுத்து அவர் கை மட்டும் மேலே எழும்பி முறுக்கியது, கதவு விளிம்பில் ரத்தம் விசிறி அடித்தது, உன் கண்ணாடியிலும் விழுந்தது. நிற்க முடியாது, பின்னால் இருப்பவன் தள்ளிவிடுவான், நீயும் குதித்தாய். அவர் குடை உனக்குக் கீழே விரிந்திருந்தது. அவர் அலறியது கீழே போகிற வரைக்கும் கேட்டது என்று எழுதியிருக்கிறாய். தரையில் நீ அவிழ்த்துக்கொண்டு ஓடியபோது கை தோலில் மட்டும் தொங்கியது, அவர் உன்னைப் பார்த்து "என்ன தப்புடா பண்ணேன்" என்று கேட்டார். விசாரணையில் நீ "பார்த்தேன் சார், சரியா இருந்தது" என்று சொன்னாய். அதனால் அவரே கதவருகில் கையை வெளியே விட்டு நாடாவில் மாட்டிக்கொண்டார் என்று எழுதினார்கள். நான் செத்தால் மட்டும் இதைக் கண்ணாவிடம் சொல்லிவிடுங்கள், உயிரோடு அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை என்று முடித்திருந்தாய்.

அம்மா புடவையில் தெறித்திருந்த ரத்தத்தை நகத்தால் சுரண்டினாள். பிறகு, "செத்தாத்தான் அந்தக் கடுதாசி செல்லும். உயிரோட இருக்கிறவன் எழுதினது செல்லாது. நமக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். நான் முதல் முறையாக அம்மாவை எதிர்த்து, கண்ணா அண்ணாவிடம் சொல்லணும்மா என்றேன். துடைப்பத்தை எடுத்தாள். முதுகில் எத்தனை விழுந்தது என்று எண்ணவில்லை. "அவன் கத்தி எடுத்துட்டு நிப்பான்டி, என் புள்ள லீவுல வந்தா கூறு போட்டுடுவான். நீ அண்ணனைக் கொல்லப் பாக்கிறியா" என்று கேட்டு அடித்தாள், அடித்துவிட்டு அவளே மஞ்சள் குழைத்துப் போட்டாள். அவள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. நீங்கள் இருவரும் பயிற்சியில் இருந்தபோது நீ எழுதிய கடிதம் எல்லாம் அடியும் ரத்தமும்தானே. ஜல்லி மேல் உருளவிட்ட ரகடா தண்டனை, முழங்கை எலும்பு தெரிந்தது, குதிக்கத் தெரியாதவனுக்கெல்லாம் 'தரை' என்று பெயர் வைத்தது, இரண்டு நிமிஷம் தடுக்காமல் ஒருவரையொருவர் முகத்தில் குத்திக்கொள்ள வேண்டும் என்று உங்கள் இருவரையும் எதிரெதிரே நிறுத்தியது. நீ அவர் மூக்கை உடைத்தாய், அவர் உன் புருவத்தைக் கிழித்தார், பிறகு இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டீர்கள். அதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். இப்போது அம்மா சிரிப்பதில்லை.

ஆனால் அம்மா ஒன்றைப் பார்க்கவில்லை, நான் தினமும் துணி காயப் போடும்போது பார்க்கிறேன். கண்ணா அண்ணா எட்டு மாதமாகக் குதிக்கிறார். முதலில் அவர்கள் வீட்டுத் துணி துவைக்கிற கல் மேலிருந்து. பிறகு காம்பவுண்டுச் சுவரிலிருந்து. முழங்கால் இரண்டையும் சேர்த்து, மோவாயை நெஞ்சில் ஒட்டி, "ஒன் தௌசண்ட், டூ தௌசண்ட்" என்று எண்ணிக்கொண்டு, இல்லாத கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு. எழுந்து, யோசித்து, மறுபடியும் ஏறுவார். கை எந்த இடத்தில் வெளியே போனது என்று கண்டுபிடிக்கப் பார்க்கிறார். நேற்று முதல் மாடி சன்ஷேடிலிருந்து குதித்து முகம் கல்லில் மோதியது. முன்பல் இரண்டு போய்விட்டது, லட்சுமம்மா அவரைத் துடைப்பத்தாலேயே அடித்துக்கொண்டு அழுதார்கள். அவர் ரத்தத்தைத் துப்பிவிட்டு, "பேஜாரு பண்ணாத மா. இவ்வளவு உயரத்துல டைம் பத்தல. டேங்க் சுவத்துலேருந்து போனா இன்னும் ஒரு செகண்ட் கிடைக்கும், கை எங்க போச்சுனு தெரிஞ்சிடும்" என்றார். அந்தத் தண்ணீர் டேங்க் இருப்பது மூன்றாவது மாடிக்கு மேலே. குடித்துவிட்டுச் சொல்லவில்லை அண்ணா, அவர் குடிப்பதே இல்லை. அம்மாவிடம் சொன்னேன். "சும்னே பேசறான், குதிக்க மாட்டான்" என்றாள்.

அம்மா சொல்லச் சொன்னவற்றையும் எழுதிவிடுகிறேன், அவள் சொன்னதில் கவரைப் பற்றியது மட்டும்தான் பொய், மற்றதெல்லாம் நிஜம். காயத்தில் தண்ணீர் படாமல் துணி கட்டிக் குளிக்க வேண்டுமாம். வெறும் வயிற்றில் மாத்திரை போடக் கூடாதாம். நீ கேட்ட கருவாடு பார்சலில் நாறும், அதற்குப் பதில் பூண்டு ஊறுகாய் போட்டு அனுப்புகிறாளாம், அதற்குத்தான் இந்தப் பூண்டு, நண்பர்களுக்கும் கொடுத்துச் சாப்பிட வேண்டுமாம். கால் போன அந்த நண்பரின் அம்மா எந்த ஊர் என்று கேட்டு எழுதச் சொல்கிறாள், அந்த அம்மாவோடு பேச வேண்டுமாம். ஓட்டில் ஒழுகிய இடத்தில் ஷீட் போட்டாயிற்று. கடையில் புதுக் கத்தி வாங்கியிருக்கிறார்கள், பழையதைவிடச் சீக்கிரம் வேலை முடிகிறதாம். முன்னால் போகிறவனைத் தள்ளிவிட்டு முந்திக்கொண்டு போகாதே, பின்னாலும் தங்கிவிடாதே, நடுவில் இரு என்று சொல்லச் சொன்னாள். பட்டாளத்தில் அப்படி ஒரு இடம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணம்மா தேவி உன்னைக் காப்பாற்றினாள், லீவில் வந்ததும் சேவல் வேண்டுதல் இருக்கிறது, மறக்காதே என்கிறாள். உன் தலையில் ஒரு மயிர்கூட உதிராமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், நீ மிதிக்கிற மண் உன்னைத் தாங்க வேண்டும் என்று ஆசீர்வாதம் சொல்கிறாள். சொல்லும்போது பூண்டு உரித்த கையாலேயே கண்ணைத் துடைத்துவிட்டாள், எரிகிறது என்று திட்டுகிறாள்.

இப்படிக்கு,
உன் அம்மா உஷா (இடது பெருவிரல் ரேகை மேலே)
எழுதியது, தங்கை இளவேனில்

ரேகை வைத்துவிட்டு அம்மா கடைக்குப் போய்விட்டாள், ஞாயிற்றுக்கிழமை வியாபாரம். கவரை ஒட்டப் போனேன். ஏதோ தோன்றி வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். கண்ணா அண்ணா டேங்க் சுவர் மேல் நின்றுகொண்டிருந்தார். பட்டாளச் சட்டை, பூட்ஸ். லட்சுமம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை, வீட்டில் யாரும் இல்லை. உனக்கு எழுதி, அது வந்து சேர்ந்து, நீ பதில் எழுதி, அதற்கெல்லாம் நேரம் இல்லை. நான் உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினேன். அவர்கள் வீட்டு மூன்று மாடியையும் எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. "கண்ணா அண்ணா, கவி அண்ணன் உங்களுக்கு எழுதியிருக்காரு" என்று சொல்லித் தாளை நீட்டினேன். அவர் திரும்பாமலே, "எனக்குத் தமிழ் எங்க படிக்க வரும் பாப்பா, நான் கன்னடா மீடியம். நீயே படி" என்றார்.

ஒன்பதாவதில் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் எனக்குக் குரலே வராது, மொத்த வகுப்பும் சிரிக்கும், அதனால்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன், உனக்குத் தெரியும். வீட்டுக்கு வெளியே நான் எதையும் சத்தமாகப் படித்ததில்லை. படித்தேன். நடுவில் மெட்ரோ போனது, அந்த இரைச்சலில் கத்த வேண்டியிருந்தது, கத்தினேன். நீ கண்ணை மூடிக்கொண்டிருந்தாய் என்ற இடம் வந்ததும் அவர் என் பக்கம் திரும்பினார். நாடா அவர் அக்குளுக்குக் கீழே போயிருந்தது என்று படித்ததும் சுவரிலிருந்து இறங்கினார், உள்பக்கமாக இறங்கினார் அண்ணா. இறங்கி வந்து ஒரே கையால் என் கழுத்தைப் பிடித்து டேங்க்கோடு சேர்த்து அழுத்தினார். மூச்சு நின்றது. "எட்டு மாசம்டி" என்றார், "எட்டு மாசமா என் கையைத் திட்டிட்டு இருக்கேன்." எனக்குக் கண் இருட்டியதும் விட்டுவிட்டார். பிறகு டேங்க்கை வெட்டுப்பட்ட கையின் மிச்சத்தால் குத்தினார், தழும்பு திறந்து சட்டை முழுக்க ரத்தமாகும் வரைக்கும் குத்தினார். "வரட்டும் அவன். வெட்டுவேன். அவன் கையை வெட்டுவேன்னு எழுது. லீவு போட்டு நேரா இங்க வரச் சொல்லு, வேற எங்கயும் போகக் கூடாதுன்னு எழுது" என்றார். எழுதுகிறேன் என்று சொன்னேன், எழுதிவிட்டேன்.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். பல் போன வாயிலிருந்து எச்சிலும் ரத்தமும் வழிந்தன, துடைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "என் கையைப் பத்தி ஒண்ணு எழுதியிருந்தானே, அதை இன்னொரு வாட்டி படி" என்றார். கண்ணா கையை வெளியே விடவில்லை, கடைசி வரைக்கும் வயிற்றோடு அணைத்துத்தான் வைத்திருந்தான், நான் பார்த்தேன், என்ற வரி. தாளில் அந்த இடத்தைத் தேடினேன், விரல் வைத்துக்கொண்டு மறுபடியும் படித்தேன்.